வாசகர் கேள்வி: தன்னுரிமையும் தன்மயக்கமும்

கேள்வி: எங்கு பார்த்தாலும் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள், தம்மையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். தனிமனித சுதந்திரம் என்று கொண்டாடியதன் விளைவுதானே இது?

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். யாரை மணப்பது, என்ன தொழில் செய்வது, எதை நம்புவது என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமை எளிதில் கிடைத்ததன்று. பழைய கூட்டு வாழ்க்கையின் அமுக்கத்தை அனுபவித்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த வாழ்க்கைக்காக ஏங்க மாட்டார்கள்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் 1840இலேயே இந்த வேறுபாட்டை எழுதினார். சுயநலம் என்பது தன்மீது கொள்ளும் கண்மூடித்தனமான பற்று. தனிமனிதப் போக்கு என்பதோ, ஒருவர் நன்கு யோசித்தே குடும்பம், நண்பர்கள் என்ற சிறு வட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டு, பொதுக்காரியங்களைக் கைவிடுவது. ஆனால் நாளடைவில் இதுவும் சுயநலத்தில்தான் போய் முடியும் என்றார் அவர். நீங்கள் வருந்துவது அந்தக் கட்டத்தைக் கண்டுதான்.

கைப்பேசியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இரவெல்லாம் தூக்கமில்லை" என்று ஒருவர் தொடங்குகிறார். "எனக்கும் மூன்று நாளாகத் தூக்கமே இல்லை" என்கிறார் எதிரில் இருப்பவர். ஆறுதலாகத்தான் சொல்கிறார், ஆனாலும் அந்த நொடியில் பேச்சு கைமாறிவிடுகிறது, அம்மா எப்படி இருக்கிறார் என்பது கேட்கப்படாமலே போகிறது. அன்றாட உரையாடல்களில் நிகழும் இந்தத் திருப்பத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் விளக்கியது 1979இல். செல்ஃபி என்ற சொல்லே அப்போது இல்லை. பின்னால் வந்த கருவிகள் அந்தப் பழக்கத்துக்கு ஓர் எண்ணிக்கையைக் கொடுத்தன. படத்தைப் போட்டுவிட்டு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பவரைச் சுதந்திரமானவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பிறர் கண்ணுக்குக் கட்டுப்பட்டவர்.

உலகமயம் இதில் செய்திருப்பது வேறொன்று. நாம் அணியும் சட்டையின் பருத்தி ஒரு நாட்டில் விளைந்து, இன்னொன்றில் நூலாகி, மற்றொன்றில் தைக்கப்பட்டிருக்கலாம். முன்னெப்போதையும்விட அதிகம் பேரைச் சார்ந்தே வாழ்கிறோம். அவர்கள் முகம் தெரியாததால், காசு கொடுத்தோம், வாங்கினோம், யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை என்ற நினைப்பு மட்டும் வந்துவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் தன்னைப் பற்றிப் பேசவே கூடாதா?

பதில்: தாராளமாகப் பேசலாம், யாராவது கேட்டால். நீங்கள் கேட்டீர்கள் என்ற துணிவில்தான் நானும் இவ்வளவு நேரம் என் கருத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.