மலையேற்றத்துக்கு வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் போதாதா? வெயில் தடுக்கும் சட்டை வாங்கியே ஆக வேண்டுமா?

போதாது. ஆனால் விலை கூடிய சட்டைதான் வேண்டும் என்றும் இல்லை.

முதல் மலையேற்றத்துக்கு நானும் மெல்லிய வெள்ளை டி-ஷர்ட்டில்தான் போனேன். இரண்டு மணி நேரத்தில் வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. ராத்திரி கூடாரத்தில் சட்டையைக் கழற்றினால், முதுகுப்பை வார் பட்ட இடம் தவிரத் தோள் முழுக்கச் சிவந்து எரிகிறது. துணிக்குள் இருந்த தோல் எப்படிச் சுட்டது என்று அப்போது புரியவில்லை.

துணி எவ்வளவு புற ஊதாக் கதிரை உள்ளே விடுகிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் அளவு உண்டு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு அது ஏறக்குறைய 7. நனைந்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு வெயில் தோலுக்குப் போனால் எரியாமல் என்ன செய்யும்!

அதனால் நான் முதலில் பார்ப்பது நெசவைத்தான். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். பாலியஸ்டர் இயல்பிலேயே புற ஊதாக் கதிரை உறிஞ்சும், சீக்கிரம் காயும். வீட்டில் நெருக்கமான நெசவில் பழைய பாலியஸ்டர் சட்டை இருந்தால் அதுவே போதும். அடர் நிறம் கதிரை நன்றாகத் தடுக்கும், ஆனால் புழுங்கும். நடுத்தர நீலமோ பச்சையோ எனக்குச் சரிப்பட்டது. உடம்போடு ஒட்டிய அளவு மட்டும் வேண்டாம்: இழுபட்டால் இழைகளுக்கு நடுவே இடைவெளி விழும்.

முழுக்கை, தூக்கிவிடக்கூடிய காலர், சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி. முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி காதையும் பிடரியையும் கைவிட்டுவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது; குளிர்காற்று அடிப்பதால் நமக்கு அது உறைக்காது. பனிப்பாதை என்றால் வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும், தாடைக்கு அடியிலும் சன்ஸ்க்ரீன் பூச வேண்டும்.

அப்புறம், வாங்கும்போது முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். என் இரண்டாவது சட்டையில் கைப்பகுதி மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொண்டது. ஊன்றுகோல் பிடித்து நடந்த நாள் முழுக்கப் புறங்கைதான் வெந்தது.