மீனே இல்லாத ஓடைக்கு எதற்கு இத்தனை ஆய்வு?

கேள்வி: சியாட்டிலுக்கு வடக்கே குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. ஆகஸ்டில் கணுக்கால் நனைந்தாலே அதிகம். அதன் மேல் போகும் சாலைக்கு அடியில் இருக்கும் பழைய குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்டப் போகிறார்களாம். சால்மன் ஆய்வு, அனுமதி என்று இழுத்துக்கொண்டே போகிறது. நான் அங்கே ஒரு சால்மனைக்கூடப் பார்த்ததில்லை. இதெல்லாம் வெறும் சடங்குதானா?

பதில்: ஆகஸ்டில் எட்டிப் பார்த்தால் என் கண்ணுக்கும் படாது. நவம்பரில் நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். உங்கள் வீடு குழாய்க்கு மேல்பக்கம் என்றால் அப்போதும் ஏமாற்றம்தான் மிஞ்சலாம். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தால் மீன் எப்படி ஏறும்? நம் வாஷிங்டன் மாநிலச் சாலைகளின் இந்தக் குழாய்களை எதிர்த்துப் பழங்குடியினர், 1850-களின் மீன்பிடி உடன்படிக்கைகளைக் காட்டி வழக்காடினார்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததில், குழாய்களை மாற்ற வேண்டும் என்ற கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பே நின்றது.

இந்த மாதிரி வேலையிடங்களில் தண்ணீர்க் கலங்கலை அளப்பதுதான் என் பிழைப்பு. கோஹோ என்ற சால்மன் வகை மழைக்காலத்தில் கடலிலிருந்து ஏறி வந்து, சரளைக் கல்லைப் பறித்துக் குழியாக்கி முட்டையிட்டு மூடிவிடும். கல் இடுக்கில் ஓடும் தண்ணீர்தான் முட்டைக்கு மூச்சு. மேலே மண் சரிந்து வண்டல் அங்கே படிந்தால், ஒரு மீன்கூடச் செத்து மிதக்காமலே ஒரு வருடத்துக் குஞ்சுகள் போய்விடும். பொரித்து வரும் குஞ்சும் உடனே கடலுக்குப் போகாது. ஒரு வருடத்துக்கு மேல் இந்தக் கணுக்கால் தண்ணீரில்தான் வளரும். கல்லுக்குள் முட்டை இருக்கும் காலத்தைத் தவிர்க்கத்தான் ஓடைக்குள் இறங்கும் வேலையைப் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் முடிக்கச் சொல்கிறார்கள்.

வேலை நடக்கும்போது மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் தண்ணீர் பிடிப்பேன். சின்ன ஓடை என்றால் கீழ்ப்பக்கம் 100 அடி தள்ளி. மேலே கலங்கல் 50 அலகுக்குள் இருந்தால் கீழே 5 அலகுக்கு மேல் கூடக்கூடாது. 5 என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத வித்தியாசம். கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், தெளிவாத்தானே இருக்கு?” என்பார். மீட்டரைக் காட்டுவேன்.

சரி, சடங்கா என்று கேட்டீர்கள். கட்டும்போது வரும் பாதிப்பை அறிக்கைகள் நன்றாகவே அலசுகின்றன. கட்டி முடித்த பிறகு முப்பது வருடம் அந்தச் சாலை என்ன செய்யும் என்பதில்தான் பல அறிக்கைகள் நழுவுகின்றன. மழைக்குப் பின் கோஹோக்கள் முட்டையிடும் முன்பே சாவது ஏன் என்று இந்தப் பகுதியில் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். டயர் ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து விஷமாகி, மழைநீரோடு ஓடைக்கு வருகிறது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். சில மணி நேரத்தில் கோஹோ செத்துவிடும். சம் வகை சால்மன் அதே தண்ணீரில் ஒன்றும் ஆகாமல் நீந்தும்.

ஆகவே பொதுக் கருத்துக் கேட்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். பாலத்துக்கு அடியில் ஓடைக்கு விடும் இடத்தின் அகலம், கரை நிரம்பி ஓடும்போது ஓடை எவ்வளவு அகலமோ அதைவிடக் கூடுதலா? சாலையில் விழும் மழைநீர் நேரே ஓடைக்கா, மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணில் வடிந்த பிறகா? அப்படி வடிந்த தண்ணீரில் கோஹோ பிழைப்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: மீனுக்கு கரண்ட் ஷாக் கொடுத்துப் பிடிப்பார்களாமே?

பதில்: ஆமாம். வேலை தொடங்கும் முன் அங்கிருக்கும் மீனை இடம் மாற்றத்தான். முதலில் வலை, அதில் சிக்காததற்குத்தான் கரண்ட். குறைந்த வோல்ட்டேஜில் தொடங்க வேண்டும். முட்டைக்குழிப் பக்கம் போகக்கூடாது. மயங்கியதை வாளியில் அள்ளி, எண்ணிக் குறித்துக்கொண்டு, வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே விடுவார்கள். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஓடையில் மீன் இருக்கிறதா என்பது அதிலேயே இருக்கும்.