சிறைத்துறையை வழக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள், அடுத்து என்ன?

அமெரிக்க மாநிலச் சிறைக் கைதிகள் பெடரல் (மத்திய) நீதிமன்றத்தில் போடும் 1983ஆம் பிரிவு வழக்குகளைப் பற்றிய கேள்விகளும் பதில்களும். மாநில அதிகாரத்தைக் கையில் வைத்து ஒருவரின் உரிமையை மீறியவர் மீது வழக்குப் போட வழி விடும் பெடரல் சட்டப் பிரிவு இது.

சார், சிகிச்சை தராமல் விட்டது சிறைத்துறை. அதன் மேலேயே நஷ்டஈடு கேட்டால் ஏன் தள்ளுபடி ஆகிறது?

தடை இரண்டு. 1983ஆம் பிரிவு 'நபர்' மீது வழக்குப் போடத்தான் வழி விடுகிறது. மாநிலமும் அதன் துறைகளும் அந்தச் சொல்லுக்குள் வராது என்று 1989இல், மிச்சிகன் மாநிலக் காவல் துறை வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அடுத்தது அரசமைப்பின் 11ஆவது திருத்தம். மாநிலம் தானாகச் சம்மதிக்காத வரை அதை 1983 வழக்கில் பெடரல் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது.

பணம் வேண்டாம், நிலைமையைச் சரிசெய்யும் உத்தரவு போதும் என்றால்?

அப்போதும் துறை நிற்காது. 1978 அலபாமா வழக்கில் கேட்டது உத்தரவுதான். ஆனாலும் மாநிலத்தையும் அதன் சிறை வாரியத்தையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழி 1908இன் எக்ஸ் பார்ட்டே யங் தீர்ப்பு: உத்தரவை நிறைவேற்றும் அதிகாரமுள்ள ஆணையரையோ வார்டனையோ 'பதவிப் பொறுப்பில்' (official capacity) சேருங்கள். கைதியை வேறு சிறைக்கு மாற்றினால் இந்தக் கோரிக்கை பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அப்படியானால் நஷ்டஈட்டை யாரிடம் கேட்பது?

செய்த ஆளிடம். 'தனிப்பட்ட பொறுப்பில்' (individual capacity) என்று மனுவில் எழுதியே தீர வேண்டும். பலர் தவறவிடுவது இந்த ஒரு சொல்லைத்தான். பதவிப் பொறுப்பில் மட்டும் கேட்ட நஷ்டஈடு மாநிலத்திடம் கேட்டதாகவே கொள்ளப்படும், துறையோடு அதுவும் போகும். எந்த அதிகாரி, எந்தத் தேதியில், என்ன செய்தார் என்று ஆள்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். 'மேலதிகாரி என்பதால் பொறுப்பு' என்ற வாதம் இங்கே எடுபடாது.

காவலர் பெயர் தெரியாவிட்டால் 'ஜான் டோ' என்று போடலாம், ஆனால் வழக்குப் போடும் காலக்கெடு அதற்காகக் காத்திருக்காது. டெக்ஸாஸில் 2 ஆண்டு, நியூயார்க்கில் 3. கெடு முடிந்தபின் உண்மைப் பெயரைச் சேர்த்தால் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அன்றைய பணிப் பட்டியலையும் சம்பவ அறிக்கையையும் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

எதிர்த்தரப்பின் தள்ளுபடி கோரும் மனு நேற்று கைக்கு வந்தது. எத்தனை நாள் இருக்கிறது?

அந்தத் தள்ளுபடி மனு உங்களுக்குச் சார்வு செய்யப்பட்டதிலிருந்து 21 நாளுக்குள், அனுமதி கேட்காமலே, வழக்கு மனுவை ஒரு முறை திருத்தலாம் (சிவில் விதி 15). திருத்திய மனு பழையதை முழுக்க நீக்கிவிடும். 'முந்தைய மனுவில் சொன்னபடி' என்று மட்டும் எழுதினால் பல நீதிமன்றங்களில் பழைய குற்றச்சாட்டுகள் காணாமல் போகலாம். எல்லாவற்றையும் மறுபடி எழுதுங்கள். எதிர்த்தரப்புக்கு வழக்கு மனு போகும் முன்பே நீதிபதி பரிசீலித்துத் தள்ளியிருந்தால், அந்த உத்தரவிலுள்ள தேதியைப் பாருங்கள்.

துறையை நீக்கியது ஒரு 'ஸ்ட்ரைக்' (கைதியின் வழக்குக் கணக்கில் விழும் பாதகப் புள்ளி) ஆகுமா?

மற்ற பிரதிவாதிகள் மீது வழக்கு நடந்தால் பொதுவாக ஆகாது. முழு வழக்கும் சாரமில்லாததென்றோ தீய நோக்கில் போட்டதென்றோ நிவாரணத்துக்கு இடமில்லையென்றோ விழுந்தால்தான் கணக்கு. அப்படி மூன்று சேர்ந்தால் முழு நீதிமன்றக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். உடனடி உடல் ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு.

துறையே பிரதிவாதியாக நிற்கும் வழக்கு எதுவுமில்லையா?

உண்டு. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (ADA) இரண்டாம் பகுதி மாநிலச் சிறைகளுக்கும் பொருந்தும் என்றது 1998 தீர்ப்பு. அரசமைப்பையே மீறிய செயல் என்றால் அதே சட்டத்தில் நஷ்டஈடும் கேட்கலாம் என்றது 2006இன் ஜார்ஜியா வழக்கு. சக்கர நாற்காலி நுழையாத அறை போன்றவற்றுக்கு 1983ஐ மட்டும் நம்பாமல் இதையும் சேருங்கள். கைதிகளின் மத உரிமைச் சட்டம் (RLUIPA) வேறு கதை: மாநிலத்திடமிருந்து அதன்கீழ்ப் பணம் கிடையாது என்று 2011இல் முடிவாகிவிட்டது.

எங்கள் உறவினர் இருப்பது கவுண்டி ஜெயிலில். இதெல்லாம் அவருக்கும் பொருந்துமா?

கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும், மாவட்டம் போன்ற உள்ளாட்சி. அதற்கு 11ஆவது திருத்தப் பாதுகாப்பு இல்லை. 1978 மோனல் தீர்ப்பின்படி அது 'நபர்'தான். ஆனால் தீங்கு அதன் கொள்கையாலோ நீடித்த வழக்கத்தாலோ வந்ததென்று காட்ட வேண்டும். சில மாநிலங்களில் ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) மாநிலத்தின் கை என்று கருதப்படுவதால், அந்த மாநிலத் தீர்ப்புகளை முதலில் பாருங்கள்.