வேன் பயணச் சமையல்

கேள்வி: பழைய வேனில் படுக்கை போட்டிருக்கிறோம். குடும்பத்தோடு நாலு நாள் பாபநாசம், குற்றாலம் போகிறோம். சமையலுக்கு என்ன கொண்டுபோகலாம்? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, 3 லிட்டர் குக்கர் போதும் தாயி. ஆனால் அடுப்பை வேனுக்குள் பற்றவைக்கவே கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படுக்கைக்கு அடியில் போய்த் தங்கிவிடும்.

மணிமுத்தாறில் ஒருமுறை காற்றில் தீ படுத்துப் படுத்து எழுந்தது. அரை மணி நேரமாகியும் உலை கொதிக்கவில்லை. அன்றிலிருந்து பழைய எண்ணெய் டின்னை வெட்டி, மூன்று மடிப்புத் தகரமாக வைத்திருக்கிறேன். அடுப்பைச் சுற்றி நிறுத்துவேன். சிலிண்டர் தடுப்புக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையென்றால் சூடேறிவிடும்.

தேங்காய்த் துவையல் வேண்டாம், மறுநாளே ஊசிப்போகும். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் எடுங்கள். நாலு நாளும் தாங்கும். சோறு மட்டும் வடித்தால் சரி.

அப்புறம், முண்டந்துறைக் காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது. சோதனைச் சாவடிக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தாமிரபரணியில் சோப்புப் போட்டுப் பாத்திரம் துலக்காதீர்கள். கீழே எத்தனையோ ஊர் அதைக் குடிக்கிறது.