தியத்தலாவைக்கு மாதத்தில் இரண்டு சம்பள நாள்: கேம்ப், தோட்டம், டவுன் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

பதுளை மாவட்டத்துத் தியத்தலாவை டவுனில், இராணுவக் கேம்புக்குப் பக்கத்தில், எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அப்பா வைத்தது. அவருக்குப் பிறகு 28 வருசம் நான் பார்த்தேன். இப்போது கல்லாவில் தம்பி மகன், நான் வாசல் பெஞ்சில். போன கிழமை ஒருவர் "கேம்ப் இல்லாவிட்டால் தியத்தலாவையில் ஒரு தேத்தண்ணிக் கடைகூட இருக்காது" என்று எழுதினார். அதிலிருந்து கேள்விகள் வரிசை கட்டிவிட்டன. கடைக்காரன் கண்ணுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கொழும்பிலிருந்து ஒரு தம்பி): அண்ணே, ஊர் முதலா, கேம்ப் முதலா? இவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் ஏன் கேம்ப் போட்டார்கள்?

இரண்டுக்கும் முன்னால் வந்தது ரயில், தம்பி. 1890களிலேயே பாதை ஹப்புத்தளையைத் தாண்டி பண்டாரவளை வரை வந்துவிட்டது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல்தான். தியத்தலாவையைச் சுற்றித் தேயிலை ஏறாத புல்வெளி, நாம் பத்தனை என்று சொல்வோமே, அது நிறையக் கிடந்தது. திறந்த மேடு, குளிர், பக்கத்தில் ரயில். 1900இல் தென்னாபிரிக்காவில் வெள்ளைக்காரன் போயர்களோடு, அதாவது அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சத்தாரோடு, சண்டை பிடித்து, பிடிபட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது அவர்களை அடைக்க இந்த இடம் தோதாக இருந்தது. ஏறக்குறைய 5000 கைதிகள், அதற்கு மேல் காவலுக்கு வந்த ஆட்கள். ஒரே வருசத்தில் இத்தனை வாய்க்குப் பாண், இறைச்சி, விறகு எல்லாம் வேண்டுமென்றால் யாவாரிகள் சும்மா இருப்பார்களா? டவுனுக்கு அத்திவாரம் அங்கே விழுந்தது என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு இரண்டு உலகப் போரிலும் ஜெர்மன்காரர்களை இங்கே அடைத்தார்கள். இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10இல் தொடங்கியது, அடுத்த வருசமே பயிற்சி நிலையம் இங்கே வந்துவிட்டது. அதுதான் வளர்ந்து இன்றைய இராணுவ அக்கடமி. விமானப்படை முகாமும், நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனமும் இங்கேதான். ஆக இது படிக்க வந்து போகிறவர்களின் ஊர். இதை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ஒரு சின்னச் சங்கதி: அந்தப் போயர்களில் எங்கல்பிரெக்ட் என்ற ஒருவர் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால் ஊர் திரும்ப முடியவில்லை. பிறகு யால காட்டுக்குக் காவலரானார்.

கேள்வி (பண்டாரவளை): கேம்ப் காசு டவுனுக்குள் எப்படி வருகிறது? பெரிய தொகையாக இருக்குமே?

தொகையைவிட முக்கியம் அது வருகிற நாள். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் தேதியை ஒட்டி, அரச சம்பளம் மாதத்தின் கடைசிக் கிழமையில். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து நாள் இடைவெளி. வெறும் தோட்டத்தை நம்பிய டவுனில் பதினெட்டாம் தேதிக்குப் பிறகு ஈ ஓட்ட வேண்டும். வெறும் உத்தியோகத்தரை நம்பிய டவுனில் மாத நடுவில் அதே கதை. எங்களுக்கு ஒன்று வற்றும்போது மற்றது ஊறும். கொழும்பு லொறிக்காரனுக்கு மாதத்தில் இரண்டு முறை காசு கொடுக்க முடியும் என்பதால் அவன் எங்களுக்குச் சரக்கைக் கடனுக்கு இறக்குவான். அந்தக் கடனை வைத்துத்தான் நாங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, கடன் கொடுத்தோம். கேம்ப் சிப்பாயின் சம்பளம் தோட்டத்து வீட்டு அரிசிப் பானைக்குள் போன வழி இது.

ஆனால் ஏமாற வேண்டாம். சிப்பாய்களில் பாதிக்கு மேல் வேறு மாவட்டத்துப் பிள்ளைகள். சம்பளம் வங்கிக்கு வரும், அங்கிருந்து அம்மாவுக்கும் மனைவிக்கும் ஊருக்குப் போய்விடும். சாப்பாடும் படுக்கையும் உள்ளே. டவுனில் விழுவது கைச்செலவு மட்டும்.

கேள்வி (பதுளை): உள்ளேயே எல்லாம் கிடைக்கும்போது வெளியில் என்னதான் வாங்குகிறார்கள்? நலன்புரிக் கடையில் விலையும் குறைவாமே?

விலை குறைவுதான். சீனி, பால்மா, சவர்க்காரம் இவற்றில் அவர்களோடு போட்டி போட்டால் கடையை மூட வேண்டியதுதான். அப்பா அந்தப் போட்டிக்கே போகவில்லை. அவர் கண்டுபிடித்தது தகரப் பெட்டி.

புதிதாகப் பயிற்சிக்கு வருகிற பிள்ளை கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும், கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியல். பாதியை வீட்டில் மறந்திருப்பான், மீதியில் நிறம் பிழைத்திருக்கும். ரயிலில் இருந்து இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் வேண்டும். பெட்டி, பூட்டு இரண்டு, வாளி, கறுப்பு பொலிஷ், தூரிகை, வெள்ளைப் படுக்கை விரிப்பு, உடுப்பு மாட்டி, ஊசி நூல், பனிக்கு உள்பெனியன். அப்பா இதையெல்லாம் முன்கூட்டியே பெட்டிக்குள் அடுக்கி வைத்துவிடுவார். பையன் வந்து காகிதத்தை நீட்டுவான், அப்பா வாங்கிப் பார்க்காமலே பெட்டியைத் தூக்கி வைப்பார். பெட்டி மூடியில் பெயர் எழுத வெள்ளைப் பெயின்றும் ஒரு சின்னத் தூரிகையும் கடை வாசலிலேயே. எழுதிக் கொடுப்பது நான். எழுத்துக்குக் காசு வாங்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சிங்களம் எழுத நான் பழகினதே அந்தப் பெட்டி மூடிகளில்தான்.

பக்கத்துக் கடை தையல்காரருக்கு இதைவிட நல்ல வருமானம். சீருடை உள்ளே கொடுப்பார்கள், ஆனால் இடுப்பில் பிடிக்காது. பயிற்சி தொடங்கி மூன்று மாதத்தில் பையன் இளைத்துப்போவான், திரும்பப் பிடிக்க வேண்டும். வெளியேறும் அணிவகுப்புக்கு முன்னால் மறுபடியும். ஒரே காற்சட்டையில் மூன்று கூலி. அந்த அணிவகுப்பு நாளில் அம்மா, அப்பா, தங்கச்சி, சித்தி என்று வான் வானாக வந்து இறங்குவார்கள். அறை, சோற்றுப் பார்சல், பூமாலை, படம் பிடிக்கிறவர் எல்லாருக்கும் அன்று வேலை.

கேள்வி (வெலிமடை, தோட்டக்காரர்): நாங்கள் போடுகிற உருளைக்கிழங்கும் போஞ்சியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கேம்புக்கு நேராகப் போகாதா, அண்ணே?

போகாது. உங்கள் போஞ்சி கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், அங்கே தரகர் கை மாறி, கேள்விமனு (டெண்டர்) எடுத்தவரின் லொறியில் ஏறி, நீங்கள் வந்த பாதையிலேயே திரும்பி வரும். கேம்ப் வாங்குவது மொத்தக் கேள்விமனுவில். பிணைப்பணம் கட்ட வேண்டும், நாள் தவறாமல் இத்தனை கிலோ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மழை, மண்சரிவு என்று சாக்குச் சொல்ல முடியாது. அரை ஏக்கர் வைத்திருக்கிறவரால் முடிகிற காரியமா அது?

நான் ஒரு தடவை இறங்கிப் பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். பதினொரு மாதம் மரக்கறி கொடுத்தேன். பில்லுக்குக் காசு முதலில் ஒரு மாதம் பிந்தியது, பிறகு இரண்டு, கடைசியில் நாலு. எனக்கு நாலு மாதம் கழித்து வரும், ஆனால் வெலிமடைக்காரருக்கு நான் அன்று மாலையே கொடுக்க வேண்டும். வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போனது. காசு ஒரு சதம் குறையாமல் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் லாபத்தை வட்டி தின்றுவிட்டது. அரசாங்கத்துக்குச் சரக்குப் போடுகிறவனுக்கு ஆறு மாதம் தாக்குப்பிடிக்கிற கைமுதல் வேண்டும். அது பெரிய முதலாளியிடம்தான் இருக்கும். கேம்ப் காசு டவுனைத் தொடாமல் மேலால் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சின்ன ஆளுக்கு வருவது துணைக் குத்தகை: கீரை, பச்சை மிளகாய், அவசரத்துக்கு இருபது கிலோ கரட்.

கேள்வி (ஹப்புத்தளை, ஆசிரியை): ஐயா, நூறு வருசத்துக்கு மேல் பக்கத்திலேயே இருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏன் அந்த வேலை போய்ச் சேரவில்லை?

டீச்சர், முதல் காரணம் உங்களுக்கே தெரியும். 1948 சட்டத்தோடு மலையகத் தமிழரான நம் ஆட்களுக்குக் குடியுரிமை போனது. நாடற்றவர் எந்த அரச வேலைக்கு மனுப் போடுவது? 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினைக்கு முழுத் தீர்வு வந்த சட்டம் 2003இல். அதற்குள் மூன்று தலைமுறை முடிந்துவிட்டது. நிரந்தர வேலைகளெல்லாம் அப்பாவிடமிருந்து மகன், மாமாவிடமிருந்து மருமகன் என்று ஓடுகிறவை. முதல் ஆள் உள்ளே போகாத வீட்டுக்கு அடுத்த ஆளும் இல்லை.

இரண்டாவது யுத்தம். தமிழ்ப் பையன் கேம்ப் வேலியோரம் நின்றாலே கேள்வி கேட்ட காலம் அது. 2000 ஒக்டோபர் 25இல் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், காவலுக்குப் பொலிஸ் நிற்க, வெளியிலிருந்து வந்த கும்பல் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகளை அடித்துக் கொன்றது. எங்கள் கடையிலிருந்து சில மைல்தான். அன்று கதவை இழுத்துப் பூட்டியது, எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்று எண்ணக்கூட இல்லை. பெட்டி மூடியில் பெயர் எழுதிக் கொடுத்த கை நடுங்கிய நாள் அது ஒன்றுதான். கேம்ப் சீருடைதான் 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது சேற்றில் இறங்கித் தேடியது. இரண்டையும் நான் பார்த்தேன். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது பிள்ளைகள் போகிறார்கள், மேசன் வேலைக்கு, பெயின்ற் அடிக்க, சமையலறைக் கூலிக்கு. எல்லாம் ஒப்பந்தக்காரர் வழியாக, நாட்சம்பளத்துக்கு. கொழுந்துக் கூலியைவிட நல்லது என்பதால் போகிறார்கள்.

கேள்வி (ஹல்துமுல்லை): அப்படியென்றால் டவுனைத் தூக்கி நிறுத்துவது தேயிலையா, கேம்பா?

தலைக்கணக்கில் தேயிலை. அதில் சந்தேகமே வேண்டாம். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தொழிற்சாலையை லிப்டன் கட்டியது 1890இல். போயர் வருவதற்கு முன்பே இந்த மலையில் சம்பள நாள் என்று ஒன்று இருந்தது. ஆனால் தேயிலைக் காசு மழையைப் பார்த்துத்தான் வரும். கொழுந்து குறைந்தால் பேர், அதாவது வேலை நாள், குறையும், பேர் குறைந்தால் எங்கள் கடன் கொப்பி தடிக்கும். வேடிக்கை என்னவென்றால், ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கித் தருகிற ஜூலை முதல் செப்டம்பர் வரையான காய்ந்த காற்றுக் காலத்தில்தான் கொப்பி மிகவும் தடிக்கும். ஏலத்தில் விலை ஏறும், மலையில் கொழுந்து இருக்காது. ஏலத்து விலையா லயத்துக்கு வருகிறது?

2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அந்த வருசம் நாட்டின் தேயிலை ஏறக்குறைய 30 கோடி கிலோ. அடுத்த வருசம் 25 கோடிக்கு இறங்கியது. அந்த ஐந்து கோடி கிலோ எங்கே போனது என்று எங்கள் கொப்பியைப் பார்த்தால் தெரியும். அப்போது கடையைக் காப்பாற்றியது மாதக் கடைசிக் கிழமை. அதுவும் எத்தனை நாள்? 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது சிப்பாயின் சம்பளமும் அதே சம்பளம்தான், பாதிச் சாமான்தான். தோட்ட நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350. நடுவில் அரிசி என்ன விலைக்கு ஏறியது என்று சமைக்கிறவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (கண்டி): ஏப்ரல் நரிமலை (ஃபொக்ஸ் ஹில்) மோட்டார் ஓட்டத்தால் நல்ல வருமானமா?

ஒரு நாள் கூத்துக்கு மீசை சிரைத்த கதை. தண்ணீர்ப் போத்தலும் சோற்றுப் பார்சலும் பறக்கும், பாதை அடைத்துக்கொண்டதால் வழக்கமான வாடிக்கையாளர் மூன்று நாள் வரமாட்டார். 2024 ஏப்ரல் 21இல் ஓட்டத்தில் கார் பாய்ந்து ஏழு பேர் போனதற்குப் பிறகு அதை வருமானம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி (பண்டாரவளை, கடை வைத்திருப்பவர்): இராணுவத்தைக் குறைக்கப் போகிறார்களாமே. நமக்கு அடியா?

2023 ஜனவரியில் சொன்ன கணக்கு இது: இரண்டு இலட்சத்துச் சொச்சம் பேரை 2024க்குள் 1,35,000 ஆக்கி, 2030இல் ஒரு இலட்சத்தில் நிறுத்துவது. மேலே சொன்னேனே, இது படிக்க வந்து போகிற ஊர் என்று. காவலுக்கு ஆள் நிற்கிற ஊரில் முகாமை மூடினால் டவுன் ஒரே நாளில் காலி. இங்கே அக்கடமி மூடாது, வருகிற அணிகள் சிறிதாகும். பெட்டி குறையும், அணிவகுப்பு நாளில் வான் குறையும். பண்டாரவளைக்கு அவ்வளவாகத் தெரியாது, உங்களுக்கு ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளும் எல்ல பக்கம் போகிற வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள். தியத்தலாவை மேல் வீதிக்குத் தெரியும். அறை வாடகையை நம்பிக் கடனில் இரண்டாம் மாடி எழுப்பியவர்கள் இப்போதே யோசிக்கட்டும்.

கேள்வி (ஹப்புத்தளை, ஒரு தங்கச்சி): அண்ணா, வீட்டில் ஸ்ட்ரோபெரி ஜேம், அச்சாறு போடுகிறேன். கேம்புக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக, ஆனால் கேள்விமனு வழியாக வேண்டாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வருசக் கடைசியில் வழங்குநர்களைப் பதிவதற்குப் பத்திரிகையில் விளம்பரம் வரும், அதையும் போட்டு வையுங்கள், பிறகு உதவும். இப்போதைக்கு அணிவகுப்பு நாளில் பெற்றோர் தங்குகிற விடுதிகளில் பத்துப் போத்தல் வையுங்கள். ஊருக்குக் கொண்டுபோக மலைநாட்டுச் சாமான் ஏதாவது தேடுவார்கள். அன்றைக்கே கைக்காசு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளிடம் விற்க வேண்டாம், அந்த ஆள் இராணுவமாகவே இருந்தாலும்.

கேள்வி (குருநாகலையிலிருந்து): நானும் 1998இல் உங்கள் கடையில் பெட்டி வாங்கியிருப்பேன் போலிருக்கிறது. இன்னும் விற்கிறீர்களா?

விற்கிறோம், தம்பி. இப்போது பிள்ளைகள் சில்லு வைத்த பையோடு வருகிறார்கள், அதனால் வருசத்துக்கு நாலைந்து போனால் பெரிது. பச்சை நிறத்தில் இரண்டு பெட்டி மேல் தட்டில் கிடக்கின்றன, ஒன்றில் பூட்டுக் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது. வந்தால் பெயர் நானே எழுதித் தருகிறேன்.