சந்தா மூன்றாம் மாதமே நின்றுபோகிறது: ஜெயநகர் நண்பருக்கு

பெங்களூரில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் தளம், மாதம் 199 ரூபாய், 140 பேர் சேர்ந்தும் மூன்றாம் மாதத்தில் 60 பேர்தான் மிச்சம், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பாடத்தை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் பேமென்ட் கேட்வே (மாதாமாதம் சந்தாவைக் கழித்துத் தரும் சேவை) பட்டியலில் பணம் கழியாதவர்களையும் தாமாக ரத்து செய்தவர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

கழியாதவர்களில் பலர் உங்களை விட்டுப் போகவே இல்லை. மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்காது. கழிக்கும் தேதியை 5க்கு மாற்றுங்கள். தவறினால் உடனே பூட்டாமல் 5 நாள் அவகாசம் கொடுத்து, வாட்ஸ்அப்பில் யுபிஐ லிங்க் அனுப்புங்கள்.

ரத்துக்கு வருவோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் கழிய 24 மணி நேரத்துக்கு முன்பே உறுப்பினருக்குத் தகவல் போகும். அதில் தளத்தின் பெயர் இல்லாமல் உங்கள் நிறுவனப் பெயர் இருந்தால், 'இது யார்?' என்று அங்கேயே நிறுத்திவிடுவார். பெயரை மாற்றச் சொல்லி கேட்வேயிடம் கேளுங்கள். அந்தத் தகவல் போவதற்கு முந்தைய நாள், பிள்ளை இந்த மாதம் படித்ததை நீங்களே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்; இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மாதம் 10 சதவீதம் பேர் போனால், 100 பேரில் ஆண்டு முடிவில் 28 பேர்தான் மிஞ்சுவார்கள். 5 சதவீதம் என்றால் 54 பேர். ஜூனில் பள்ளி திறக்கும்போது 1,990 ரூபாய்க்கு ஆண்டுச் சந்தாவும் வையுங்கள். அந்தப் பணத்தை 12 மாதத்துக்குப் பிரித்தே செலவு செய்யுங்கள்.