தொங்கும் தொட்டியில் தக்காளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐயா, எங்களுக்கு மூன்றாவது மாடியில் வாடகை வீடு. மொட்டை மாடியில் செடி வைக்க அனுமதி இல்லை. அதனால் பெயின்ட் வாளியில் தக்காளி நட்டு பால்கனியில் தொங்கவிட்டேன். செடி நன்றாக இருக்கிறது. ஆனால் காய்களின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி ஆகிவிடுகிறது. முட்டை ஓட்டுத் தூள் போட்டும் நிற்கவில்லை. இது என்ன பூச்சி?
- வாசகி, மதுரை

பூச்சி இல்லையம்மா, மருந்து எதுவும் அடித்துவிடாதீர்கள். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் கோளாறு இது. அந்தச் சத்து வேரிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏற வேண்டும். ஒரே ஒரு வேளை செடி காய்ந்தாலும் கிடைக்கிற தண்ணீரை இலைகள் இழுத்துக்கொள்ளும், காயின் நுனிக்கு வந்து சேராது. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். அடுத்த செடிக்கு வேண்டுமானால் உதவும்.

'தினமும் ஊற்றுகிறேனே' என்பீர்கள். நாளைக் காலையில் ஊற்றுவதற்கு முன் வாளியின் ஓரத்தைப் பாருங்கள். மண் சுருங்கி, வாளிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரிசல் ஓடியிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கி அடித்துளையில் சொட்டும். சொட்டுவதைப் பார்த்து வயிறு நிறையக் குடித்துவிட்டது என்று நினைப்போம். விரலை நடுவில் விட்டால் மண் பொடிப்பொடியாகக் கிடக்கும்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு எங்கள் அப்பா தக்காளி ஏற்றிய காலத்தில் நிலத்தில் நட்ட செடிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதும். அங்கே வேர் ஆழமாகப் போய் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தொங்கும் வாளியில் அதற்குப் போக இடம் ஏது? நாலு பக்கமும் காற்று வேறு அடிக்கிறது. தரையில் வைத்த தொட்டியை விட இது சீக்கிரம் காயும்.

வாளியைக் கழற்றி, பாதி நீர் உள்ள ஒரு டப்பில் இறக்கி வையுங்கள். அடித்துளை வழியாக ஈரம் மெல்ல ஏறி, மேல்மண் கறுக்கும் வரை இருக்கட்டும். பிறகு அந்த விரிசலில் தென்னை நார்க்கழிவை அடைத்து, மேலே காய்ந்த இலையைக் கனமாகப் பரப்புங்கள். வெயில் படுகிற பக்கத்தில் ஒரு பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். காய் பிடித்த பிறகு காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள். நல்ல பகுதியை நறுக்கிச் சமைக்கலாம், கெடுதல் இல்லை.

தலைகீழாகத் தொங்கவிட்டால் அதிகம் காய்க்கும் என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா? எந்த ரகம் வாங்குவது?
- வாசகர், கோவை

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காய்ப்பு அதிகமாகாது. வாளியின் அடித்துளை வழியாகச் செடியைக் கீழ்நோக்கி விட்டால் தண்டு மறுபடி வளைந்து வெளிச்சத்தை நோக்கி ஏறும், அந்த வளைவிலேயே செடியின் தெம்பு போகும். ஊற்றுகிற தண்ணீரும் இலை மேலேயே வடியும், இலைப்புள்ளி நோய்க்கு அது போதும். வேண்டாம் தம்பி. வாளிக்கு மேலே நட்டு, கிளைகளை விளிம்பு வழியாகச் சரியவிடுங்கள்.

அதற்குச் செர்ரித் தக்காளிதான் முதல் தேர்வு. காய் சிறிது, கிளை ஒடியாது. நம் ரகம்தான் வேண்டும் என்றால் பி.கே.எம். 1 வாங்குங்கள். அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம், செடி குட்டை. உயரமாகப் படரும் ஹைபிரிட் நாற்றை மட்டும் தொங்கவிடாதீர்கள்.

கொக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. 10 லிட்டர் வாளியில் நனைந்த தோட்டத்து மண் 15 கிலோவைத் தாண்டும். கீழே ஆள் நடமாடும் இடமென்றால் நினைத்தாலே பதறுகிறது. அதனால் நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி, கொஞ்சம் செம்மண், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும், எடை நன்றாகக் குறையும். கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டுங்கள். நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும், சங்கிலிதான் நல்லது. பால்கனிக்கு வெளியே தொங்கவே கூடாது.

பூ கொத்துக் கொத்தாக வருகிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. சித்திரையில் நட்டேன்.
- வாசகி, வேலூர்

வேலூர் வெயிலில் சித்திரைப் பூ நிற்காதம்மா. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் புழுக்கம் குறையாவிட்டால் மகரந்தம் வீணாகிவிடும். செடியைப் பிடுங்க வேண்டாம். பச்சை வலை நிழலில் காப்பாற்றி வையுங்கள், சூடு தணிந்ததும் புதுப் பூ வரும். புதிதாக விதைக்க ஆடி நல்லது, கார்த்திகை அதைவிட நல்லது.

கம்பி வலை அடித்த பால்கனியில் காற்றும் வண்டும் குறைவு. அதற்கு ஒரு வழி உண்டு. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டுங்கள். கீழே உள்ளங்கையை நீட்டினால் மஞ்சள் தூள் விழுவது தெரியும். தக்காளிப் பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாகவே இருப்பதால் அந்தச் சின்ன அதிர்வே போதும். ஒரு வாரத்தில் பூவின் அடியில் மிளகளவு பச்சைப் பிஞ்சு தெரிய ஆரம்பிக்கும்.